நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர்

அத்தியாயம் 6

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஹெர்மீனா அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே கத்தி தீட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், அப்புறமா வரலாம்," என்றான் டிஸ்ட். "சாப்பாட்டு நேரம். யாரைச் சாப்பிடப் போறாங்கன்னுதான் தெரியல."

ஹெர்மீனா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில்வேயில் கால அட்டவணை போடும் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து எழுந்தவள். அவளுக்குக் கோபம் வந்தால் ஆல்ஸ்ட் நகரத்துத் தேவாலய மணி இரண்டு நிமிடம் முன்கூட்டியே அடித்துவிட்டு எங்காவது போய் ஒளிந்துகொள்ளும் என்று ஊரில் பேச்சு. ஓய்வு பெற்றபின் துப்பறிவதைத் தொழிலாக்கிக்கொண்டாள். டிஸ்ட் அவளுடைய காரோட்டி. அதற்கு முன் கசாப்புக் கடை வண்டி ஓட்டியவன். அவன் வாய் மட்டும் இன்னும் அந்த வேலையை விடவில்லை. கண்டதையெல்லாம் வெட்டிக்கொண்டே இருக்கும்.

கதவு திறந்தது. ஸுல்மா நின்றாள். சலவைக்காரி. விதவை. கையில் முழ நீளக் கத்தி.

"அஞ்சு மணிக்குச் சங்கத்துல என் பேரை அடிக்கப் போறாங்களாமே, அடிக்கட்டும்," என்றாள் வணக்கம்கூடச் சொல்லாமல். "அஞ்சு அஞ்சுக்கு ஒன்பது புறா கழுத்தையும் அறுத்து சூப் வெச்சு, ப்ராஸ்பர் வீட்டுக்கு அனுப்பிடறேன். உப்பு மட்டும் போட மாட்டேன். சாப்பிட்டுத் தொலையட்டும்."

"கத்தியைக் கீழ வை," என்றாள் ஹெர்மீனா. "எனக்கு ஏற்கெனவே கோபம். ஒரு வீட்டுல ஒருத்தர் கோபத்துக்குத்தான் இடம் உண்டு."

விஷயம் இதுதான். முந்தைய நாள் சனிக்கிழமை, 'வெள்ளி இறகு' என்ற புறாச் சங்கத்தின் பெரிய பந்தயம். பிரான்சில் லிமோஜ் நகரத்தில் காலை ஆறரைக்குக் கூடைகளைத் திறந்துவிடுவார்கள். அங்கிருந்து ஆல்ஸ்டுக்கு ஆகாய வழியில் அறுநூற்று நான்கு கிலோமீட்டர். புறா கூட்டுக்கு வந்ததும் அதன் காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரை வைத்த கடிகாரப் பெட்டிக்குள் போட்டால், பெட்டி நேரத்தைக் குத்திவிடும். சங்கத்தில் நாற்பத்தெட்டு உறுப்பினர்கள். நாற்பத்தேழு ஆம்பிளைகள், ஒரு ஸுல்மா. ஆம்பிளைகளின் முந்நூற்றுப் பன்னிரண்டு புறாக்களில் முதலாவது சரியாக ஒரு மணிக்கு வந்தது. அது சங்கத் தலைவர் ப்ராஸ்பருடையது. ஸுல்மா அனுப்பியதே ஒரே ஒரு பெட்டைப் புறா. நீலி என்று பெயர். அது பன்னிரண்டு பத்துக்கே வந்து கூண்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

ஐம்பது நிமிடம் முன்னால். புறாப் பந்தயத்தில் ஐம்பது விநாடிக்கே ஆட்கள் மேசையைத் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஐம்பது நிமிடத்துக்குத் தெருவையே புரட்டினார்கள். "உன் புறா விமானத்துல டிக்கெட் எடுத்துட்டு வந்துச்சா?" என்று ப்ராஸ்பர் அவள் வாசலில் நின்று கேட்டார். புறாவை லிமோஜுக்கே அனுப்பாமல் எங்கேயோ பக்கத்து ஊரில் ஒளித்துவைத்து, சாவகாசமாகத் திறந்துவிட்டிருக்கிறாள் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் ஆயுளுக்கும் பெயர் நீக்கம். அதன்பின் பெல்ஜியம் நாட்டில் ஒரு சங்கமும் அவள் புறாவைக் கூடையில் ஏற்றாது. புறாக்காரர்களுக்கு அது பாதிச் சாவு. ஸுல்மாவுக்கு முழுச் சாவு.

"நீலியைக் கொண்டா," என்றாள் ஹெர்மீனா.

ஸுல்மா கொண்டுவந்தாள். ஹெர்மீனா இறக்கையை விசிறிபோல் விரித்தாள். ஒரு இறகில், பந்தயப் பதிவின்போது குத்திய 'வெள்ளி இறகு' சங்கத்தின் ஊதா முத்திரை, அச்சுக் குலையாமல். அடுத்த இறகு மட்டும் பரட்டையாக, நார் நாராக, யாரோ செங்கல்லால் தேய்த்ததுபோல் இருந்தது.

"இதுதான் அவங்க ரெண்டாவது சாட்சி," என்றான் டிஸ்ட். "இந்த இறகுல ஏதோ அடையாளம் இருந்துச்சாம். இவங்க அழிச்சிட்டாங்களாம். ப்ராஸ்பர் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாரு."

"அழிச்சியா?"

"இல்ல," என்றாள் ஸுல்மா.

"கையைக் காட்டு."

ஸுல்மா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அறுபது படுக்கை விரிப்புகளை ஒரே நாளில் பிழியும் கை. ஆனாலும் ஹெர்மீனா அதைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தாள். அந்த இழுப்பில் கொடியில் காய்ந்த மூன்று துணிகள் தாமாகவே பிழிந்துகொண்டன என்று டிஸ்ட் பிற்பாடு சொல்லித் திரிந்தான்.

"நீ வெள்ளைத் துணிக்கு நீலம் போடறவ," என்றாள் ஹெர்மீனா. "இருபது வருஷமா உன் நகக்கண்ணு நீலம். எனக்கே தெரியும். இந்தக் கட்டைவிரல்ல மட்டும் ஏன் பச்சை?"

ஸுல்மா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள்.

"பச்சை முத்திரை குத்தற சங்கம் இந்தச் சுற்றுவட்டாரத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

டிஸ்ட் அப்படியே ஈரத்துணிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டான். "ஐயையோ. நினோவா?"

ஆல்ஸ்டிலிருந்து நினோவ் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆனால் முப்பது வருடத்துக்கு முன் ஒரு கடிகாரப் பெட்டி பற்றி வந்த தகராறுக்குப் பிறகு, இரண்டு ஊர்ப் புறாக்காரர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஆல்ஸ்ட்காரர்களை வெங்காயம் என்றும் நினோவ்காரர்களைக் காரட் என்றும் சொல்வது அங்கே ஊர் வழக்கம். புறாக்காரர்கள் மட்டும் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். ஒரே சனிக்கிழமை, ஒரே லிமோஜ், ரேடியோ சொல்கிற ஒரே ஆறரை மணி. ஆனாலும் ஆல்ஸ்ட் லாரி ரயில் நிலையத்து முற்றத்தில் கூடை திறக்கும், நினோவ் லாரி ஊருக்கு மறுகோடியில் கால்பந்து மைதானத்தில் திறக்கும்.

"வியாழக்கிழமை சாயங்காலம் புறாவைக் கொண்டு போனேன்," என்றாள் ஸுல்மா. குரல் இறங்கவில்லை, கொதித்தது. "பேரை எழுதினாங்க, வளையம் மாட்டினாங்க, முத்திரை குத்தினாங்க. லாரிக்கிட்ட போனா கூடை நிறைஞ்சிடுச்சுங்கறான் ப்ராஸ்பர். பக்கத்துலயே பாதிக் கூடை காலியா இருக்கு. 'அது சேவலுங்களுக்கு'ங்கறான். எல்லாரும் சிரிச்சாங்க. சைக்கிளை எடுத்தேன். மிதிச்சேன். நினோவ் லாரி கிளம்பற நேரம். அவங்க சங்கத்து ஓமேர் என்னைப் பார்த்து, 'ஆல்ஸ்ட்காரனுக்கு வயிறெரியும்னா உன் புறாவை என் மடியில வெச்சுக்கூடக் கொண்டு போவேன்'னான். அவன் முத்திரையையும் குத்திட்டான். சனிக்கிழமை நீலி வந்ததும் அதைத்தான் தேய்ச்சேன்."

"இதை நேத்தே சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சே," என்றான் டிஸ்ட்.

"உனக்கென்ன, வாய் இருக்கு, பேசற. திருடின்னா அஞ்சு வருஷத்துல மறந்துடுவாங்க. நினோவ்காரன் லாரியில புறா ஏத்தினவள்னா என் பிணத்தைத் தூக்கக்கூட நாலு பேர் வரமாட்டாங்க."

அது உண்மைதான் என்று டிஸ்டுக்குத் தெரியும். அவனே போகமாட்டான்.

"கத்தியை உறையில போடு," என்றாள் ஹெர்மீனா. "அஞ்சு மணிக்குச் சங்கத்துக்கு வா. வரும்போது அழாம வா."

"நான் எதுக்கு அழறேன். எவனாவது அழுவான், பாருங்க."

காரில் ஏறியதும் டிஸ்ட் கணக்கை ஆரம்பித்தான். "மேடம், அந்தப் புறா நினோவ் லாரியில போச்சு, சரி. லிமோஜ்லயிருந்துதான் பறந்துச்சு, சரி. ஆனாலும் ஐம்பது நிமிஷம் எப்படி? எங்க அப்பா சொல்வாரு, புறாவுக்கு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். அறுநூத்தி நாலு நிமிஷம்னா பத்து மணி நேரம். சாயங்காலம் நாலரைக்குத்தான் வரணும். எல்லாப் புறாவுமே ராக்கெட்டா?"

"நேத்து தென்காத்து அடிச்சுது. உன் தொப்பி எங்கே?"

"ஆத்துல."

"அப்போ புறா மட்டும் மெதுவாவா வரும்? உங்க அப்பா காத்து இல்லாத நாள்ல பிறந்தவரு. இந்த ஊர்ல அத்தனை பேரும் அதே பாட்டைத்தான் பாடறாங்க, நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். அட்டவணை ஆபீஸ்ல இப்படிச் சொல்லியிருந்தா நான் ஆளை ஜன்னல் வழியா வெளிய அனுப்பியிருப்பேன்."

"எத்தனாவது மாடி மேடம்?"

"வண்டியை ஓட்டு."

நினோவ் புறாச் சங்கத்தின் பீர்க்கடையில், ஆல்ஸ்ட்காரர்களின் வண்டி வந்து நின்றதுமே பேச்சு நின்றது. ஓமேர் காரட் நிறத்து மீசையுடன் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். சங்கத்தின் பதிவேடு அவர் கையில்தான். ஹெர்மீனா கேட்டால் தரப்போவதில்லை. அது டிஸ்டுக்கே தெரிந்தது.

ஹெர்மீனா கேட்கவில்லை. ஒரு பீர் வாங்கினாள். நுரையை ஊதினாள். டிஸ்டைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "பாவம்டா இவங்க. நம்ம ஆல்ஸ்ட்ல நேத்து முதல் புறா ஒரு மணிக்கே வந்துடுச்சு. இங்க எல்லாம் ராத்திரி விளக்கு வெச்சுத்தான் தேடியிருப்பாங்க."

ஓமேரின் மீசை விறைத்தது. "என்ன சொன்னீங்க?"

"ஒரு மணி. பகல் ஒரு மணி."

"ஒரு மணிக்கா?" ஓமேர் கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தார். "எங்க கடைசிப் புறா, ஒத்தைக் கண்ணு, காலு நொண்டி, அதுவே பன்னிரண்டே முக்காலுக்கு வந்துடுச்சு. முதல் புறா எப்ப வந்துச்சுன்னு தெரியுமா? யாராவது அந்த நோட்டை எடுங்கடா. எடுடா. வெங்காயத்துக்குக் கண்ணு எரியட்டும்."

நோட்டு வந்தது. ஹெர்மீனாவின் மூக்குக்கு முன்னாலேயே விரிக்கப்பட்டது. முதல் புறா பன்னிரண்டு நான்கு. பிறகு ஐந்து, ஏழு, எட்டு. அறுபது புறாக்கள் பன்னிரண்டே காலுக்குள். லிமோஜிலிருந்து நினோவுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர். ஆல்ஸ்டைவிடப் பதினொன்று குறைவு. காற்று வேகத்தில் அது ஆறு நிமிடம்.

"பன்னிரண்டு நாலோட ஆறு," என்றாள் ஹெர்மீனா.

"பன்னிரண்டு பத்து," என்றான் டிஸ்ட். அவன் வாயிலிருந்து வேறெதுவும் வரவில்லை. அவனைப் பொறுத்தவரை அது மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறி.

நீலி வேகமாக வரவில்லை. நீலி சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும்தான் ஐம்பது நிமிடம் தாமதம்.

ஹெர்மீனா பீரைத் தொடாமல் எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்து ஓமேரே வழிவிட்டார்.

ஆல்ஸ்ட் சங்கத்து லாரி ஓட்டுநர் கமீல் அவன் வீட்டுப் பின்கட்டில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். பூசணிக்காய் மாதிரி ஆள். புறாக்களுக்கு மூன்று வருடமாக லிமோஜ் வழி அவன்தான் காட்டுகிறான். ப்ராஸ்பரின் மச்சினன் என்பது அவனுக்கு இருந்த ஒரே தகுதி.

"ஐம்பது நிமிஷம்," என்றாள் ஹெர்மீனா.

கமீல் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தூரிகையைப் போட்டுவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒப்பித்தான். "தூங்கிட்டேன் மேடம். ஆறரைக்குத் திறக்க வேண்டியதை ஏழு இருபதுக்குத் திறந்தேன். பயந்துகிட்டு ஆறரைன்னு போன்ல சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க. நேரத்தைத் திருத்திட்டா போச்சு. யாருக்கும் நஷ்டமில்ல."

"ஆஹா," என்றான் டிஸ்ட். "இவ்வளவு சுலபமா ஒத்துக்கறவனை நான் பாவமன்னிப்புக் கூண்டுலகூடப் பார்த்ததில்ல. மேடம், மணி நாலு. கூப்பிட்டுட்டுப் போயிடலாம். முடிஞ்சுது."

ஹெர்மீனா நகரவில்லை. கமீலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ரயில் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நின்றால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்படுகிறவள் அவள்.

"லிமோஜ் ஸ்டேஷன் முற்றத்துலதானே திறக்கறே?"

"ஆமா மேடம். மூணு வருஷமா அதே இடம்."

"பெரிய கடிகார கோபுரம் இருக்குமே."

"இருக்கும், இருக்கும். போஸ்ட்கார்டுலயே போட்டிருப்பான்."

"முற்றத்துல நின்னு ஸ்டேஷனைப் பார்த்தா, தண்டவாளம் கட்டடத்துக்கு எந்தப் பக்கம்? இடதா, வலதா?"

கமீல் கண்ணை மூடி யோசித்தான். மிகவும் நேர்மையாக யோசித்தான். "இடது," என்றான்.

ஹெர்மீனா சிரித்தாள். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு, கழுவிக் காயவைத்த கூடைகளின் மூடிகள் தாமாகவே சாத்திக்கொண்டன.

"வண்டியில ஏறு," என்றாள்.

"எதுக்கு மேடம்? நான்தான் ஒத்துக்கிட்டேனே."

"அதான் ஏறச் சொல்றேன்."

டிஸ்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் லிமோஜைப் பார்த்ததில்லை. ஆல்ஸ்ட் புறாக்காரர்களில் ஒருத்தனும் பார்த்ததில்லை. புறாவைத்தான் அனுப்புவார்கள், தாங்கள் பீர்க்கடையைத் தாண்டமாட்டார்கள்.

சங்கத்தின் பீர்க்கடை அன்று கொதிகலனாக இருந்தது. நாற்பத்தேழு ஆம்பிளைகள், நாற்பத்தேழு புகையிலைப் பைப்புகள். கடையே நகர்ந்து போய்விடும் போலப் புகை. கல்லாவில் ப்ராஸ்பரின் மனைவி லெயோனி கண்ணாடிக் கோப்பைகளைக் கோபமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஸுல்மா, கைகளைக் கட்டிக்கொண்டு, நின்றபடி. உட்கார யாரும் சொல்லவில்லை.

ப்ராஸ்பர் சட்டப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். "விதி பதினான்கு. பந்தயத்துக்குக் குறித்த ஊரிலிருந்து பறக்காத புறாவின் சொந்தக்காரர், காரணம் எதுவானாலும், ஆயுளுக்கும் நீக்கப்படுவார். காரணம் எதுவானாலும். கேட்டுக்குங்க. கண்ணீர், கதை, புருஷன் செத்தது, ஒண்ணும் செல்லாது. ஒத்துக்கறவங்க கையைத் தூக்குங்க."

நாற்பத்தேழு கைகள் எழுந்தன. சிலர் இரண்டையும் தூக்கினார்கள்.

"கையை அப்படியே வெச்சிருங்க," என்றாள் ஹெர்மீனா, கமீலின் காலரைப் பிடித்து உள்ளே தள்ளியபடி. "யாரு எதுக்குத் தூக்கினோம்னு இப்பத் தெரியும். ஸுல்மா, நீயே சொல்லு."

ஸுல்மா சொன்னாள். நினோவ் என்ற வார்த்தை வந்ததும் ஒரு கோப்பை உடைந்தது. ஓமேர் என்ற பெயர் வந்ததும் மூன்று கோப்பை உடைந்தது. "துரோகி" என்றான் ஒருவன். "காரட்டுக்குப் பொறந்தவளே" என்றான் இன்னொருவன்.

"கத்துங்க," என்றாள் ஸுல்மா. "வியாழக்கிழமை பாதிக் கூடை காலியா இருந்தப்ப சிரிச்ச வாய்தானே எல்லாம்."

"நினோவோட முதல் புறா பன்னிரண்டு நாலுக்கு," என்றாள் ஹெர்மீனா. "நீலி பன்னிரண்டு பத்து. ரெண்டும் ஒரே வேகம். நிமிஷத்துக்கு ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தாறு மீட்டர். உங்க முந்நூத்திப் பன்னிரண்டு மட்டும் ஐம்பது நிமிஷம் எங்க போய் உட்கார்ந்திருந்துச்சு?"

ப்ராஸ்பர் கமீலைப் பார்த்தார். கமீல் தரையைப் பார்த்தான். "தூங்கிட்டேன் மாமா," என்றான்.

கடையில் ஒரு பெருமூச்சு. கோபம் சற்று இறங்கியது. மச்சினன் தூங்கினான், எட்டி உதைக்கலாம், அபராதம் போடலாம், நேரத்தைத் திருத்தலாம். ப்ராஸ்பரின் முகத்தில்கூட ரத்தம் திரும்பியது.

"தூங்கல," என்றாள் ஹெர்மீனா. "இவன் சொல்றான், லிமோஜ் ஸ்டேஷன் முற்றத்துல நின்னா தண்டவாளம் இடது பக்கமாம். நான் அந்த ஸ்டேஷனுக்கு எட்டு தடவை போயிருக்கேன். இடதும் கிடையாது, வலதும் கிடையாது. அந்த ஸ்டேஷனையே தண்டவாளத்துக்கு மேலதான் கட்டியிருக்கான். ரயில் அடியில ஓடும். ஒரு தடவை அங்க போனவன் சாகறவரைக்கும் மறக்க மாட்டான்."

கமீலின் கழுத்து சட்டைக்குள் இறங்கியது.

"டிஸ்ட், உங்க அப்பா பாட்டைப் பாடு."

"நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர்," என்றான் டிஸ்ட். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் காதுமடல் சூடாகியது.

"அந்த ஐம்பது நிமிஷத்தைத் தலைகீழாக் கணக்குப் போட்டேன். லிமோஜுக்கு வடக்கே, லிமோஜைவிட ஆல்ஸ்டுக்கு நூத்திப் பதினாலு கிலோமீட்டர் கிட்டத்துல, ஷாத்தோரூன்னு ஒரு ஊர். ரோடு அது வழியாத்தான் போகுது. கமீல் அங்கேயே லாரியை நிறுத்திட்டான். நூத்திப் பதினாலு கிலோமீட்டர் குறைச்சா நூத்திப் பதினாலு நிமிஷம் லேட்டா விடணும்னு கணக்குப் போட்டான். ஆறரைக்குப் பதிலா எட்டு இருபத்தி நாலு. காத்தில்லாத நாள்ல யாருக்கும் தெரியாது. நேத்து தென்காத்து. நூத்திப் பதினாலு கிலோமீட்டரை நீலி அறுபத்தி நாலு நிமிஷத்துல தாண்டிடுச்சு. மிச்சம் எவ்வளவு?"

"ஐம்பது," என்றது கடை முழுவதும், தேவாலயத்தில் மறுமொழி சொல்வதுபோல.

ப்ராஸ்பர் எழுந்தார். சட்டப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "கமீல். சொல்லு. இது நேத்து மட்டும்தானே?"

கமீல் தலையைத் தூக்காமலே மூன்று விரல்களைக் காட்டினான்.

"மூணு நாளா?"

"மூணு வருஷம் மாமா. ஷாத்தோரூல ஒரு கடை இருக்கு. விலாங்கு மீன் வறுப்பாங்க. அதைச் சாப்பிட்டுட்டு மேல போக மனசு வராது. வெள்ளிக்கிழமைதான் அவங்க வறுக்கறது."

சுவரில் ப்ராஸ்பரின் இரண்டு வெள்ளிக் கோப்பைகள் மாட்டியிருந்தன. லிமோஜ் சாம்பியன், லிமோஜ் சாம்பியன். நாற்பத்தாறு தலைகளும் ஒருசேர அந்தப் பக்கம் திரும்பின. அந்தப் பார்வையில் வெள்ளி கறுத்திருக்க வேண்டும். அடுத்த கால் மணி நேரம் அந்தக் கடையில் நடந்ததை டிஸ்ட் இன்றுவரை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. ஒரு நாற்காலி விளக்கில் தொங்கியது. முப்பது வருட நண்பர்கள் ஒருவர் மீசையை ஒருவர் பிடித்தார்கள். கமீல் மேசைக்கு அடியில் லிமோஜ் ரயில் மாதிரி ஓடினான்.

"போதும்," என்றாள் ஸுல்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கையில் சட்டப் புத்தகம் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"விதி பதினான்கு," என்று படித்தாள். "குறித்த ஊரிலிருந்து பறக்காத புறாவின் சொந்தக்காரர். காரணம் எதுவானாலும். ஆயுளுக்கும். நாற்பத்தேழு கை தூக்கினீங்க. நானும் தூக்கறேன்." தூக்கினாள். "ஏகமனதா நிறைவேறிடுச்சு. மூணு வருஷத்துல லிமோஜைப் பார்த்த ஒரே ஆல்ஸ்ட் புறா என்னோடது. இந்தச் சங்கத்துல இப்ப ஒரே ஒரு உறுப்பினர்தான். எழுந்திருங்க ப்ராஸ்பர். அது தலைவர் நாற்காலி."

ப்ராஸ்பர் எழுந்தார். எழுந்ததை அவரே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். ஸுல்மா உட்கார்ந்தாள். பேனாவை மையில் தொட்டு, உறுப்பினர் பட்டியலில் கோடு போட ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பேனா காகிதத்தில் உரசிக்கொண்டே போனது. நாற்பத்தேழாவது கோடு முடிந்ததும் ஒரு கிழவன் நிஜமாகவே அழுதான்.

"ஸுல்மா," என்றார் ப்ராஸ்பர். "எங்க புறாவெல்லாம் என்ன பண்றது?"

"சூப் நல்லா இருக்கும்."

"ஸுல்மா."

அவள் பேனாவை வைத்தாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு துளி குறையவில்லை. "நேத்து மதியத்துலேருந்து ராத்திரி வரைக்கும் என் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு ஒவ்வொருத்தனும் என்னைப் பத்தி என்னென்ன சொன்னீங்கன்னு நான் கேட்டேன். மெல்லிசு சுவர். திரும்பிச் சேரணும்னா, வரிசையா வந்து, அதையே என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். சத்தமா. அதுக்கப்புறம் பேரை எழுதுவேன்."

ஒருவனும் அசையவில்லை. நேற்று அந்தத் தெருவில் அவ்வளவு நீளமாக இருந்த நாக்குகள் எங்கே போயின என்று டிஸ்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஒரு வேடிக்கை சொல்வான். நேற்று அவனும் அந்தத் தெருவில் நின்று ஒன்று சொல்லியிருந்தான். அதை நினைத்ததும் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"போங்க," என்றாள் லெயோனி கல்லாவிலிருந்து, கணவனைப் பார்த்து. "நேத்து ராத்திரி சாப்பிடறப்ப நல்லா வாய் நிறையத்தானே சொன்னீங்க. எனக்கே ஞாபகம் இருக்கு. மறந்துபோச்சுன்னா எடுத்துக் கொடுக்கறேன்."

ப்ராஸ்பர் மேசைக்கு முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். உதடு அசைந்தது.

"கேக்கல," என்றாள் ஸுல்மா.

மறுபடியும் சொன்னார். இந்த முறை கடைக்கோடி வரை கேட்டது. கடையில் இருந்த நாற்பத்தாறு பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். ஸுல்மா கண்ணிமைக்காமல் கேட்டு முடித்து, அவர் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"அடுத்தது," என்றாள்.

வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நீண்டது. ஹெர்மீனா ஒரு பீர் வாங்கிக்கொண்டு, கடைசிச் சொல் வரை கேட்பதாகச் சபதம் போட்டவள்போல் சாய்ந்து உட்கார்ந்தாள். டிஸ்ட் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவன் சங்க உறுப்பினர் இல்லை, அவனை யாரும் கூப்பிடவும் இல்லை. தொப்பி ஆற்றில் போய்விட்டதால் வெறும் தலையோடு போய் வரிசையில் நின்றுகொண்டான்.

மேசைக்கு அடியிலிருந்து கமீல் ஊர்ந்து வெளியே வந்து, அவனுக்குப் பின்னால் நின்றான்.

"நீ வேண்டாம்," என்றாள் ஸுல்மா, எழுதுவதிலிருந்து தலையைத் தூக்காமலே.